எட்டாவது மாதத்துக்குப் பிறகு

பெங்களூரின் நீலசந்திராவில் ஒருவருக்கு வேலை போய்விட்டது என்பதை யாரும் தெருவுக்கு அறிவிக்க வேண்டியதில்லை. காலை ஒன்பதரை மணிக்கும் அவருடைய பைக் வாசலிலேயே நின்றால் போதும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். எதையும் மறைக்க இடமில்லை. முதல் வாரத்தில், "என்னண்ணா, லீவா?" என்று கேட்பார்கள். முதல் மாத முடிவில், "எங்கேயாச்சும் ஆச்சா?" என்பார்கள். மூன்றாவது மாதத்தில், "ஆகும் அண்ணா, கவலைப்படாதீங்க." ஆறு, ஏழு மாதம் ஆனதும் கேட்பதையே நிறுத்திவிடுவார்கள். கேட்டுக் கேட்டு நோகடிக்க வேண்டாம் என்கிற நல்லெண்ணம்தான். ஆனால் வேலை தேடுகிறவருக்கு அந்த மௌனம் வேறு விதமாகக் கேட்கும். தனக்கு வேலை கிடைக்கும் என்று நம்புகிறவர்களில் இன்னும் ஒருவர் குறைந்துவிட்டார் என்று.

2020இலும் 2021இலும் இந்த மௌனம் பல வாசல்களில் இறங்கியது. நீலசந்திரா, ஆஸ்டின் டவுனுக்கும் விவேக் நகருக்கும் ஈஜிபுராவுக்கும் பக்கத்தில் உள்ள பழைய பேட்டை. தமிழும் உருதும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து புழங்கும் இடம். டிரைவர்கள், டெய்லர்கள், மெக்கானிக்குகள், ஜவுளிக்கடை சேல்ஸ்மேன்கள், ஹோட்டல் ஊழியர்கள், ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகும் பெண்கள், பட்டம் முடித்துவிட்டு அலுவலகங்களில் நுழைந்துவிட்ட அவர்களது பிள்ளைகள் ஆகியோர்தான் இதுபோன்ற பேட்டைகளின் மக்கள். ஒரு பக்கம் பிரிகேட் ரோடின் கடைகள். மறுபக்கம் கோரமங்களாவின் கம்ப்யூட்டர் கம்பெனிகள். பிழைப்பு இந்த இரண்டு திசைகளிலிருந்தும் வந்தது. 2020 மார்ச் 24ந் தேதி இரவு பிரதமர் ஊரடங்கை அறிவித்தபோது இரண்டு திசைகளும் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டன.

ஏப்ரலில் மட்டும் நாடு முழுவதும் சுமார் 12 கோடிப் பேர் வேலை இழந்ததாக மும்பையைச் சேர்ந்த சி.எம்.ஐ.இ. நிறுவனம் கணக்கிட்டது. இவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளிகளும் சிறு வியாபாரிகளும். கடை திறந்ததும் அவர்கள் திரும்பி வந்தார்கள். திரும்பாதவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் 1.89 கோடி மாதச் சம்பள வேலைகள் போயின என்றது அதே நிறுவனம். மாதச் சம்பள வேலை எளிதில் போகாது, போனால் எளிதில் திரும்பாது என்று அதன் தலைவர் மகேஷ் வியாஸ் அப்போதே எச்சரித்தார். கோரமங்களாவின் பெயரோடு வளர்ந்த கம்பெனிகளும் தப்பவில்லை. மே மாதத்தில் ஸ்விகி 1,100 பேரையும் ஓலா 1,400 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. இரண்டு மாதத்தில் வருமானம் 95 சதவிகிதம் சரிந்துவிட்டது என்று ஓலா காரணம் சொன்னது. இப்படி அறிவிப்பு வெளியிட்டுக் குறைத்தவை பெரிய கம்பெனிகள். "இன்னும் ரெண்டு மாசம் கழிச்சுக் கூப்பிடுறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கூப்பிடாமலே இருந்த சின்ன முதலாளிகளின் கணக்கு எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

வேலை போன நாள் செய்தியாகிறது. வேலை கிடைத்த நாள் வீட்டில் பாயசமாகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள காலம் எத்தனை நீளம், அந்த நீளம் ஒரு மனிதரை என்ன செய்கிறது என்பதை மட்டும் யாரும் அளப்பதில்லை. கோவிட் காலத்து வேலை இழப்பின் பெரிய சேதம் அந்த நடுக்காலத்தில்தான் நடந்தது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நாற்பது வயதுக்காரர், ஜவுளிக்கடை ஒன்றில் சூப்பர்வைசர், சம்பளம் 22,000 ரூபாய். மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாயார். முதல் மாதத்தைக் கையிருப்பு தள்ளிவிடும். இரண்டாவது மாதம் பி.எஃப். கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். 2020 மார்ச் இறுதியில் மத்திய அரசு இதற்கென விதியைத் தளர்த்தியது. கணக்கில் உள்ளதில் 75 சதவிகிதம் அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், இதில் எது குறைவோ அது. மூன்றாவது மாதத்தில் வீட்டுச் சொந்தக்காரரிடம் போய், "வாடகையை அட்வான்ஸிலேயே கழிச்சுக்குங்க" என்று கேட்க வேண்டியிருக்கும். பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது பெங்களூரின் பழைய வழக்கம். நல்ல காலத்தில் சுமையாகத் தெரிந்த அந்தத் தொகை, கெட்ட காலத்தில் ஒருவிதமான இன்ஷூரன்ஸ் ஆகிவிடுகிறது. ஐந்தாவது மாதம் நகை. 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, தங்கத்தின் மதிப்பில் 75 சதவிகிதம் வரைதான் கடன் தரலாம் என்றிருந்த வரம்பை 2021 மார்ச் வரை 90 சதவிகிதமாக உயர்த்தியது. நெருக்கடியில் இருந்த குடும்பத்துக்கு அரசு செய்த உதவிகளில் முக்கியமானவை இந்த இரண்டும். ஒன்று அவருடைய சேமிப்பு. மற்றது அவர் மனைவியின் வளையல். இரண்டுமே அவர்களுடைய சொந்தப் பணம்.

இதற்கிடையில் வேலை தேடுவதற்கும் செலவு உண்டு. பெட்ரோல், போன் ரீசார்ஜ், பயோடேட்டா ஜெராக்ஸ், இன்டர்வியூவுக்குச் சட்டை இஸ்திரி. 2020இல் இன்டர்வியூக்கள் செல்போனுக்குள் நுழைந்தன. ஒற்றை அறை வீட்டில், மகனின் ஆன்லைன் வகுப்பும் தகப்பனாரின் இன்டர்வியூவும் ஒரே போனுக்குப் போட்டி போட்டால் யார் விட்டுக்கொடுப்பது? நிச்சய வேலை என்று சொல்லி "ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்" கேட்கும் ஏமாற்று ஏஜென்ட்டுகளுக்கும் இதுதான் அறுவடைக் காலம். தேடுகிற காலம் நீள நீள, ஏமாறும் வாய்ப்பும் கூடுகிறது. முதல் மாதத்தில் சிரித்துவிட்டு போனை வைத்திருக்கக்கூடியவர், ஏழாவது மாதத்தில் இரண்டாயிரம் ரூபாயை அனுப்பிவிடுகிறார். முட்டாள்தனத்தால் அல்ல, களைப்பால்.

நீலசந்திரா போன்ற இடங்களில் வேலை கிடைக்கும் வழி விளம்பரம் அல்ல. 'சொல்லி வைப்பது'. மச்சான் வேலை பார்க்கும் கடையில் ஒரு இடம் காலி. பக்கத்து வீட்டுக்காரரின் மேனேஜருக்கு ஒரு டிரைவர் தேவை. சர்ச்சில் பார்த்தவர், மசூதியில் தொழுகைக்கு வந்தவர், பழைய முதலாளியின் தம்பி என்று ஒரு சங்கிலி. இது பின்தங்கியவர்களின் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் பாஸ்டன் அருகே படித்த, அலுவலக வேலை பார்க்கும் மனிதர்களை விசாரித்தபோதும் இதையே கண்டார். பலருக்கு வேலைத் தகவல் வந்தது தெரிந்தவர்கள் மூலம்தான். அதிலும் நெருங்கிய உறவினரைவிட, எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரர்கள் மூலம். காரணம் எளிது. நெருக்கமானவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம்தான் வேறு உலகத்துச் செய்தியைக் கொண்டுவரும்.

சாதாரண காலத்தில் ஒருவருக்கு வேலை போனால் பத்துப் பேர் அவருக்காகச் சொல்லி வைப்பார்கள். பெருந்தொற்றில் அந்தப் பத்துப் பேரில் பாதிப் பேரும் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். சிபாரிசு செய்ய வேண்டியவரே சிபாரிசுக்கு அலைந்தார். தூரத்து அறிமுகங்களைச் சந்திக்கும் இடங்களான டீக்கடை, கல்யாண மண்டபம், ஞாயிறு பூசை எல்லாம் பூட்டிக் கிடந்தன. நோய்க்காக மனிதர்களை விலக்கி வைத்த அதே ஏற்பாடு, வேலைக்கான பாதையையும் அடைத்தது. 2021 ஏப்ரல் இறுதியில் இரண்டாவது அலையில் கர்நாடகம் மறுபடி பூட்டப்பட்டபோது, சமீபத்தில்தான் ஒரு இடத்தில் உட்கார்ந்தவர்களில் பலர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அரசின் வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறதே என்று கேட்கலாம். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அங்கே தெரிவிக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. தெரிவிக்கத்தான் சொன்னதே தவிர, அங்கே பதிந்தவர்களைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தச் சட்டமே இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது.

இத்தனையும் தாண்டி ஒரு இன்டர்வியூ வந்தால் அங்கே காத்திருப்பது ஒரு கேள்வி. "இந்த இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தீர்கள்?"

இந்தக் கேள்வியின் விலையை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கோரி கிராஃப்ட், ஃபேபியன் லாங்கே, மேத்யூ நோட்டோவிடிக்டோ என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவின் 100 நகரங்களில் வெளியான சுமார் 3,000 வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வேலையில்லாமல் இருந்த மாதங்களின் எண்ணிக்கையை மட்டும் தற்செயலாக மாற்றி எழுதினார்கள். 2013இல் வெளியான முடிவு இதுதான்: மாதங்கள் கூடக் கூட, இன்டர்வியூவுக்கு அழைப்பது குறைந்தது. சரிவு முக்கியமாக முதல் எட்டு மாதங்களில். அதற்குப் பிறகு கீழ்மட்டத்திலேயே நின்றுவிட்டது. விண்ணப்பித்தவரின் திறமையில் மாற்றமில்லை. ஏனென்றால் அப்படி ஒருவரே கிடையாது. மாறியது காலண்டர் மட்டும்தான்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தி உண்டு. வேலையின்மை மிகுந்திருந்த ஊர்களில் இந்தப் பாரபட்சம் குறைவாக இருந்தது. ஊரே சிரமப்படும்போது தனி மனிதரை யாரும் சந்தேகிப்பதில்லை. பெங்களூருக்கும் இது பொருந்தும் என்றால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 2020 இறுதியில், "கொரோனாவில் போச்சு சார்" என்ற பதில் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் சந்தை நிமிர்ந்த பிறகு அதே பதில் எடுபடுமா? "மற்றவர்களுக்கெல்லாம் கிடைத்துவிட்டதே, உங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்கத் தோன்றும். வெள்ளம் ஊருக்கு வந்தது. கடைசியில் கரையேறியவரிடம் மட்டும் ஏன் நனைந்தாய் என்று விசாரணை.

காலம் நீளும்போது மனிதருக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஏறக்குறைய நூறாண்டுப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற கிராமம். ஊர் முழுவதும் ஒரே ஜவுளி ஆலையை நம்பியிருந்தது. உலகப் பொருளாதாரச் சரிவில் ஆலை மூடியது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்ஸைஸல் ஆகியோர் அங்கே ஆராய்ந்து 1933இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஓய்வு நேரம் கூடியது. ஆனால் நூலகத்தில் மக்கள் எடுக்கும் புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தெருவில் நடப்பவர்களின் வேகத்தையும் அளந்தார்கள். ஆண்களின் நடை தளர்ந்திருந்தது. காரணமில்லாமல் நின்று நின்று போனார்கள். பெண்கள் வேகமாகவே நடந்தார்கள். அவர்களுக்குச் சம்பள வேலைதான் போயிருந்தது. வீட்டு வேலை போகவில்லை. வேலையில்லாதவரைச் சோம்பேறி என்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தளர்ச்சி, வேலை போனதன் காரணம் அல்ல, விளைவு.

பெண்களின் கதை பெங்களூரில் இன்னும் கடுமை. இந்நகரின் அஜீம் பிரேம்ஜி பல்கலைக் கழகம் 2021 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஊரடங்கில் வேலை இழந்து 2020 இறுதி வரை திரும்பாத ஆண்கள் 7 சதவிகிதம். பெண்கள் 47 சதவிகிதம். பள்ளிகள் மூடிக் கிடந்தன, வீட்டில் பிள்ளைகள், நோயாளிகள். ஆணுக்கு வேலை கிடைக்காவிட்டால் 'தேடிக்கொண்டிருக்கிறார்'. பெண்ணுக்குக் கிடைக்காவிட்டால் 'வீட்டில் இருக்கிறாள்'. தேடுகிறவள் என்ற பெயர்கூட அவளுக்குக் கிடைப்பதில்லை.

பெங்களூரிலும் மைசூர் சாலை நெடுகிலும் ஆயத்த ஆடைத் தொழிலை நடத்துவது இந்தப் பெண்கள்தான். 2020 ஜூனில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு பெரிய ஆயத்த ஆடை ஆலையிலிருந்து எந்திரங்கள் வெளியேற்றப்படுவதைக் கண்டு தொழிலாளர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். சுமார் 1,300 பேர், மிகப் பெரும்பாலோர் பெண்கள். வெளிநாட்டு ஆர்டர் குறைந்துவிட்டது என்றது நிர்வாகம். வாரக்கணக்கில் போராட்டம் நீடித்தது. 2021 தொடக்கத்தில், அவர்களுக்கு மறுபடி வேலை தருவது பற்றி நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் உடன்பாடு ஏற்பட்டது. சங்கம் இருந்ததால் பேச்சுவார்த்தை நடந்தது. ஜவுளிக்கடை சூப்பர்வைசருக்கும் ஹோட்டல் ரிசப்ஷனிஸ்டுக்கும் சங்கம் ஏது?

இங்கே ஒரு சின்னக் காகிதம் பெரிய வேலை செய்கிறது. ராஜினாமாக் கடிதம். ஆட்குறைப்பு என்றால், அப்போதிருந்த தொழில் தகராறு சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடாகத் தர வேண்டும். தானே ராஜினாமா செய்தால் இந்த நஷ்டஈடு கிடையாது. "நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க, உங்க ரெக்கார்டுக்கு நல்லது" என்ற அன்பான ஆலோசனைக்குப் பின்னால் உள்ள கணக்கு இதுதான்.

வேலையில்லா காலத்துக்கு இந்தியாவில் உதவித்தொகையே இல்லை என்பதும் சரியல்ல. 2018 ஜூலையிலிருந்து இ.எஸ்.ஐ.யில் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் திட்டம் இருக்கிறது. முதலில் சராசரிச் சம்பளத்தில் 25 சதவிகிதம் தந்தது. பெருந்தொற்றில் அதை 50 ஆக்கினார்கள். வேலை போய் 90 நாள் கழித்துத்தான் கேட்கலாம் என்பதை 30 நாளாகக் குறைத்தார்கள். பழைய முதலாளி மூலம் போக வேண்டாம், நேரே விண்ணப்பிக்கலாம் என்றார்கள். நல்ல திருத்தங்கள். ஆனால் தொகை அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்நாளில் ஒரே முறை. 12,000 ரூபாய் சம்பளம் வாங்கிய பெண்ணுக்கு மொத்தம் 18,000 ரூபாய். அதுவும் மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்து, இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகியிருந்தால்தான். நாம் கற்பனை செய்த சூப்பர்வைசரின் சம்பளம் 22,000. அவர் ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் பணக்காரராகிவிடுகிறார்.

ஆகவே ஏழாவது, எட்டாவது மாதத்தில் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான். பைக்கை எடுத்துக்கொண்டு உணவு டெலிவரிக்குப் போவது. 2019 இறுதியில் முறையான சம்பள வேலையில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒரு வருடத்தில் சுயதொழில், தினக்கூலி, பாதுகாப்பில்லாத சம்பள வேலை என்று இறங்கிவிட்டார்கள் என்கிறது அதே அஜீம் பிரேம்ஜி அறிக்கை. இறங்கிய கணத்தில் அவர் வேலையில்லாதவர் பட்டியலிலிருந்து விடுபடுகிறார்.

அதனால்தான் அந்த விசித்திரம். மத்திய அரசின் கணக்கெடுப்பில் நகரங்களின் வேலையின்மை 2020 ஏப்ரல்-ஜூனில் ஏறக்குறைய 21 சதவிகிதம். அந்த வருடக் கடைசிக்குள் அது பாதியாகிவிட்டது. ஆண்டுக் கணக்கிலோ, 2019-20இல் 4.8 சதவிகிதமாக இருந்த நாட்டின் வேலையின்மை, பெருந்தொற்று உச்சத்தில் இருந்த 2020-21இல் 4.2 ஆகக் குறைந்தது! புள்ளிவிவரம் பொய் சொல்லவில்லை. அண்ணனின் மளிகைக் கடையில் சம்பளமில்லாமல் பொட்டலம் கட்டுகிறவரும் அதன் அகராதியில் வேலையில் உள்ளவர்தான். வேலையில்லாமல் இருப்பதற்கும் வசதி வேண்டும். அந்த வசதி நீலசந்திராவில் எத்தனை பேருக்கு உண்டு?

2025 நவம்பர் 21ந் தேதி முதல் புதிய தொழிலாளர் தொகுப்புகள் அமலில் இருக்கின்றன. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆகிவிட்டது. கூடவே, குறைக்கப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் மறுபயிற்சி நிதியாக 15 நாள் சம்பளத்தை முதலாளி செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. வெளியே அனுப்பும் கதவு அகலமாகிவிட்டது. நடுவழிக்குக் கொடுத்து அனுப்பும் கட்டுசாதம் 15 நாளைக்கு.

செய்யக்கூடியவை எட்டாத விஷயங்கள் அல்ல. உதவித்தொகையின் 90 நாளை, உண்மையில் வேலை கிடைக்க ஆகும் காலத்தோடு ஒப்பிட்டு நீட்டலாம். சம்பள வரம்பில் ஒரு ரூபாய் தாண்டினால் முழுவதும் போய்விடும் என்பதை மாற்றலாம். விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி, தேதிகளை எண்ணுவதற்கு முன் வேலை தெரியுமா என்று ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாம். வேலை போனவர் ராஜினாமாவில் கையெழுத்திடும் முன் ஒரு இரவு யோசிக்கலாம்.

நம் சூப்பர்வைசரின் பைக் இப்போது காலை ஒன்பதரைக்கு வாசலில் நிற்பதில்லை. தெரு நிம்மதியடைகிறது. கணக்கெடுக்க வருகிறவரும் 'வேலையில் உள்ளார்' என்று எழுதிக்கொள்கிறார். ஆனால் கோரமங்களாவில் ஏதோ ஒரு அபார்ட்மென்ட் லிஃப்ட்டுக்காகக் காத்திருக்கும்போது அவர் போனில் வேலை விளம்பரங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய தேடல் முடியவில்லை. எட்டாவது மாதத்துக்குப் பிறகும் அவரைப் பார்த்து, "எங்கேயாச்சும் ஆச்சாண்ணா?" என்று யாராவது கேட்டால் அவர் நொந்துகொள்ள மாட்டார். கேட்கிறவருக்கு ஒருவேளை ஒரு காலியிடம் தெரிந்திருக்கலாம்.